டரான்டுலா பெட்டிக்குள் செடி வளர்த்த அனுபவம்: செட்டிநாட்டு வீட்டிலிருந்து

டரான்டுலா என்னும் பெரிய மயிர்ச் சிலந்தியை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தச் செடி விஷமில்லாதது?" என்றுதான். அது நாய், பூனை வளர்ப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. பூனை இலையை மெல்லும். டரான்டுலா செடியைத் தின்பதே இல்லை. மணி பிளான்ட் இலையில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, பூனை கடித்தால் வாய் எரியும். அதே கொடி என் சிலந்தியின் பெட்டியில் வருடக்கணக்கில் படர்ந்து கிடக்கிறது, ஒரு தீங்கும் இல்லை. நாம் பயப்பட வேண்டியது செடியோடு வீட்டுக்குள் வரும் பூச்சிமருந்துக்கு. இத்தனை காலம் வளர்த்ததில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

என்னிடம் இருப்பது மெக்சிகன் ரெட் நீ என்ற டரான்டுலா வகை, பெண். கடைகளில் பல காலம் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையில் பிராக்கிபெல்மா ஹமோரி என்று 2017 இல் வந்த ஆய்வு பிரித்துச் சொன்னது. மெக்சிகோவின் பசிபிக் கரையோரம், ஹலிஸ்கோ, கொலிமா, மிச்சோவகான் பகுதிகளின் வறண்ட இலையுதிர் காடுகள் அதன் சொந்த ஊர். எங்கள் காரைக்குடிச் சீமையின் வெயிலும் வறட்சியும் அதற்கு அந்நியமில்லை. ஹீட்டர் எதுவும் வைத்ததில்லை. கனத்த சுண்ணாம்புச் சுவர் உள்ள பழைய வீடு; வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்தினாலும் உள்ளே அவ்வளவு ஏறாது. முற்றத்து வெளிச்சம் வந்து சேரும், நேர் வெயில் விழாத சுவரோரத்தில் பெட்டி இருக்கிறது. அந்த வெளிச்சமே செடிக்குப் போதும், தனி விளக்கு வேண்டியதில்லை. இந்த இனம் சைட்ஸ் என்னும் சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளது, ஆகவே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயம். வாங்குகிறவர்கள் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

இனி மருந்து விஷயம். நம் பக்கத்து நர்சரிகளுக்கு வரும் அலங்காரச் செடிகளில் நிறைய ஆந்திராவின் கடியத்திலிருந்தோ கேரளத்தின் மண்ணுத்தியிலிருந்தோ லாரியில் வருபவை. அத்தனை தூரம் பூச்சி தாக்காமல் வர வேண்டுமென்று மருந்து அடித்திருப்பார்கள், தொட்டி மண்ணில் குருணை மருந்தும் போட்டிருக்கலாம். இமிடாகுளோப்ரிட் போன்றவை வேர் வழியாக உள்ளே ஏறி இலை, தண்டு முழுக்கப் பரவுகிறவை. இலையைத் துடைத்தால் போய்விடாது, மண்ணிலும் பல மாதம் தங்கும். இரைக்கு விடும் கிரிக்கெட் பூச்சி இரவில் அந்த இலையைக் கொறிக்கும், அந்தப் பூச்சியைச் சிலந்தி தின்னும். சிலந்தி செடியைத் தொடவே இல்லையென்றாலும் மருந்து அதன் வயிற்றுக்குப் போக வழி இருக்கிறது.

"இயற்கை உரம்தான் தம்பி, ஒண்ணும் செய்யாது" என்று நர்சரி அண்ணன் சொல்லும் வேப்பம் புண்ணாக்கையும் நான் உள்ளே விடுவதில்லை. வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பு ஹார்மோனைக் குலைத்துத்தான் அவற்றைக் கொல்கிறது. டரான்டுலாவும் தோலுரித்து வளரும் பிராணி. தோட்டத்துக்கு வேம்பைப் போல நல்லது வேறில்லை. இந்தப் பெட்டிக்கு அது வேண்டாம்.

அதனால் கடைச் செடியை நேரே பெட்டியில் வைப்பதே கிடையாது. வேரிலிருந்து பழைய மண்ணை ஒட்டுமொத்தமாக உதறி, ஓடும் தண்ணீரில் அலசி, உர உருண்டை, வெள்ளைப் பெர்லைட் துணுக்கு எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, கழுவிய தேங்காய் நார்த்தூளும் சுத்தமான செம்மண்ணும் கலந்து மாற்றி நடுவேன். பிறகு பல மாதம் வெளியிலேயே வளர வேண்டும். அந்தக் காலத்தில் விடும் பக்கக் கன்றுதான் பெட்டிக்குள் போகும், தாய்ச்செடி போகாது. இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. நம் ஊரில் ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் மருந்தே காணாத மணி பிளான்ட் தொங்கிக்கொண்டிருக்கும். ஆச்சியிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, கணுவோடு தண்ணீரில் போட்டு வேர் விட வைத்தால் ஆயிற்று. என் பெட்டியில் உள்ள கொடி அப்படி வந்ததுதான்.

மணி பிளான்டுக்கு அடுத்து என் முழு நம்பிக்கை குட்டைப் பாம்புக் கற்றாழை மேல், ஹானி என்று கேட்டு வாங்க வேண்டும். பூப்போல விரிந்து தரையோடு நிற்கும், தண்ணீர் மறந்தாலும் சாகாது, சிலந்தி அடியில் தோண்டினாலும் சாய்வதில்லை. வேலியோரத்தில் தானாக வளரும் நம் நாட்டு மருளும் அதே குடும்பம்தான், ஆனால் உயரம் அதிகம், இலை நுனி ஊசியாக இருக்கும். ஹவோர்த்தியா ஒரு மூலையில் நன்றாகவே இருக்கிறது, வளர்ச்சிதான் மிக மெது. ஃபிட்டோனியா இந்தப் பெட்டிக்கு ஒத்துவரவில்லை. அது கேட்கும் ஈரம் ரெட் நீக்கு ஆகாது. ஈரமான பெட்டியில் வாழும் மர டரான்டுலா வைத்திருப்பவர்கள் அதைத் தாராளமாக முயலலாம்.

கள்ளி வகை, சோற்றுக் கற்றாழை, முள் உள்ள எதுவும் கூடாது. டரான்டுலாவின் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. கிழிந்தால் காப்பாற்றுவது கடினம். தோலுரித்த புதிதில் உடம்பு முழுக்கவே மெத்தென்று இருக்கும். கற்பூரவல்லி, துளசியும் வேண்டாம் என்பது என் கணிப்பு: கால் மயிரால் மணத்தையும் ருசியையும் அறிகிற உயிரை அடைத்த பெட்டியில், அத்தனை காரமான வாசனைக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உயரமான செடி வைத்தால் சிலந்தி ஏறிப் பார்க்கும், விழவும் செய்யும். தரையில் வாழும் இனத்துக்கு மண்ணிலிருந்து மூடி வரை உள்ள இடைவெளி அதன் கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. கொடியையும் கண்ணாடியில் ஏற விடாமல் தரையிலேயே படர விடுகிறேன். பதுங்க இடம் என்று பழைய நாட்டு ஓடு ஒன்றைக் கவிழ்த்துப் பாதி புதைத்திருக்கிறேன். அரை உருளை வடிவம், சொரசொரப்பு, சுட்ட மண். இதற்கென்று கடையில் விற்கும் எதையும்விட அது மேல்.

தண்ணீர் விடுவதில் ஒரு யோசனை நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொரு செடியையும் சிறு மண்தொட்டியோடு புதைத்து, தொட்டிக்குள் மட்டும் நீண்ட மூக்குக் குப்பியால் ஊற்றுகிறேன். சுற்றுமண் காய்ந்தே இருக்கிறது, செடியும் வாடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதையும் பாதியாகக் குறைத்துவிடுவேன், இல்லையென்றால் பூஞ்சை வரும். மண்ணில் ஸ்பிரிங்டெயில் பூச்சிகளை விட்டிருப்பதால் கொஞ்சநஞ்சம் வருவதை அவை தின்றுவிடுகின்றன. தொட்டி மண்ணோடு சித்தெறும்பு வந்துவிடாமல் பார்ப்பதும் முக்கியம். அதற்காக எறும்புச் சாக்கட்டியால் கோடு போட்டுவிடாதீர்கள், அதில் இருப்பதும் பூச்சிக்கொல்லிதான். கொசுவத்தியும் கொசு விரட்டும் திரவமும் அப்படியே. "கொசு பிடுங்குது, ஏத்தவா வேண்டாமாப்பா?" என்று அப்பத்தா கேட்டபோது விளக்கிச் சொன்னேன், இப்போது அந்தக் கட்டு முழுவதும் கொசுவலைதான்.

செடியைக் கத்தரிக்கும் வேலை பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நான் சொல்கிறேன். ரெட் நீ வயிற்று மயிரைப் பின்னங்காலால் உதறும். அந்த மயிர் இலைகளில் படிந்து கிடக்கும். பார்க்கத் தெரியாது, தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, நீண்ட இடுக்கியால் பிடித்து வெட்டி, வெட்டியதை உடனே கட்டிக் குப்பையில் சேருங்கள். இரை எடுக்காமல் வயிறு கறுத்து, தோலுரிக்கப் போகிற அறிகுறி தெரிந்தால் கத்தரிக்கோலை எடுக்கவே வேண்டாம். செடி கொஞ்சம் புதராக வளர்ந்தால் வளரட்டும்.

அடுத்து பெப்பரோமியா ஒன்று வாங்கி, அலசி, பின்கட்டில் தனியாக வைத்திருக்கிறேன். புதுக் கன்று விட்டு வேர் பிடித்த பிறகுதான் அதைப் பெட்டிக்குள் வைப்பேன்.