ஃபோம் இயர் பிளக்கா, இயர் மஃப்பா? பிரஸ் ஷாப்பில் 8 மாதம் போட்டுப் பார்த்த அனுபவம்

எங்கள் பிரஸ் ஷாப்பில், அதாவது தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பகுதியில், சத்தத்தை அளந்தபோது நான் நிற்கும் இடத்தில் 94 டெசிபெல் காட்டியது. 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் 3 டெசிபெல் கூடக் கூட நேரம் பாதி பாதியாகக் குறையும் என்பது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. அப்படிப் பார்த்தால் எனக்கு ஒரு மணி நேரம்தான், நிற்பதோ முழு ஷிப்ட். அன்றிலிருந்து ஃபோம் பிளக், ரப்பர் பிளக், இயர் மஃப் என்று காதைக் காக்கும் மூன்று வகையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஃபோம் பிளக். எத்தனை டெசிபெல் சத்தத்தைக் குறைக்கும் என்பதற்கு அட்டையில் 33 என்று போட்டிருந்தது, ஆனால் முதல் வாரம் சத்தம் அப்படியே கேட்டது, இது எதற்கும் ஆகாது என்று முடிவே கட்டிவிட்டேன். பிறகு பயிற்சியில் போடும் விதத்தைக் காட்டினார்கள். சுத்தமான கையால் குச்சி மாதிரி மெல்லிசாக உருட்ட வேண்டும், மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும், அது விரிந்து அடைக்கும் வரை அரை நிமிடம் விரலை எடுக்கக் கூடாது. கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது பிளக் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் உட்காரவில்லை என்று அர்த்தம். அந்த 33 கூட ஆய்வகத்தில் வந்த எண்தான். 7 கழித்து மீதியைப் பாதியாக்கினால் வரும் 13-ஐத்தான் நம்பலாம். 94-ல் 13 போனால் 81, எனக்கு அது போதும்.

கயிறு கோத்த ரப்பர் பிளக் கழுவிக் கழுவிப் போடலாம், எண்ணெய்க் கையோடு உருட்டும் தொல்லை இல்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் காது வலிக்க ஆரம்பித்துவிட்டது, விட்டுவிட்டேன்.

இயர் மஃப் போடுவது ரொம்பச் சுலபம். உள்ளே வந்து வந்து போகிறவர்களுக்கு இதுதான் சரி. முழு ஷிப்ட் என்றால் வியர்வை தாங்காது. அப்புறம் சேஃப்டி கண்ணாடியின் காம்பு குஷனுக்கு அடியில் இடைவெளி உண்டாக்கிவிடும், அந்தச் சந்து வழியாகச் சத்தம் நேராக உள்ளே வரும். குஷன் இறுகி வெடிப்பு விட்டால் உடனே மாற்றியாக வேண்டும்.

எதைப் போட்டாலும் கழற்றக் கூடாது, இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். உதாரணத்துக்கு, நிஜமாகவே 30 டெசிபெல் குறைக்கிற பிளக்கை 8 மணி நேரத்தில் அரை மணி கழற்றி வைத்தால், அன்றைய மொத்தப் பாதுகாப்பு 12 டெசிபெல்லுக்கு இறங்கிவிடும். பாதி நேரம் கழற்றினால் வெறும் 3.

பக்கத்து மெஷினில் இருந்த அண்ணன், "பழகிப்போச்சு தம்பி" என்பார். அது பழக்கம் இல்லை, கேட்கும் திறனே குறைந்துகொண்டு வந்திருக்கிறது. உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உயர் ஒலிகள், அதனால் பேச்சு காதில் விழும், சொற்கள் மட்டும் தெளியாது. போனில் பேத்தி பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறாள் என்றுதான் தெரியவில்லை என்று போன மாதம் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கம்பெனியில் பிளக் கொடுத்ததோடு நிறுத்தாமல், காற்று ஊதும் நாசில்களைச் சத்தம் குறைவானதாக மாற்றி, இரண்டு மெஷின்களுக்குத் தடுப்புக் கூண்டும் போட்டார்கள். பிளக்கைவிட இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முழு ஷிப்ட் நிற்பவர்களுக்கு ஃபோம் பிளக்கையே சொல்வேன். ஒரே குறை, ஸ்டோரில் ஒரே சைஸ்தான் இருக்கிறது. காது துவாரம் சின்னதாக உள்ளவர்களுக்கு, முக்கியமாக எங்கள் லைனில் உள்ள பெண்கள் சிலருக்கு, அது பாதி கூட நுழைவதில்லை. சின்ன சைஸும் வாங்கி வைக்கச் சொல்லி எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.