ஒரு மணி நேர எபிசோடா, 24 மணி நேர நேரலையா?

போட்டியாளர்களை ஒரே வீட்டில் தங்கவைத்துக் கேமராவில் காட்டும் பிக் பிரதர் நிகழ்ச்சி (நம்ம பிக் பாஸின் மூலம்) 1999இல் நெதர்லாந்தில் தொடங்கியபோதே டிவி எபிசோடு, இணைய நேரலை இரண்டும் இருந்தன. எபிசோடில் ஒரு நாள் முழுக்க நடந்தது சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும். ஒருவர் வேறெதற்கோ முகம் சுளித்ததை வெட்டி இங்கே ஒட்டி, பின்னணியில் பதற்றமான இசையையும் போட்டுவிட்டால் அவர்தான் வில்லன், அப்புறம் அவர் என்ன செய்தாலும் நமக்குத் தப்பாகவே தெரியும். போட்டியாளர் கேமரா முன் தனியாகப் பேசும் காட்சிகளைக் கவனியுங்கள்: வாக்கியத்தின் நடுவில் முகம் மறைந்து குரல் மட்டும் ஓடினால், அது துண்டு துண்டாகச் சேர்த்ததாகவும் இருக்கலாம்.

நேரலை சலிப்புதான். ஆனால் சண்டைக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தெரியும். சரி, அதிலும் எந்தக் கேமராவைக் காட்டுவது என்பது தயாரிப்புக் குழுவின் கையில்தான். இருந்தாலும் ஒருவரைத் திட்டிப் பதிவு போடும் முன் நான் நேரலையைத்தான் பார்ப்பேன்.