டிஃப் வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பாருங்கள்

டர்பன் பக்கம் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள், ஸ்க்ராப் யார்டில் டிஃப் (டிஃபரன்ஷியல், என்ஜினிலிருந்து வரும் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) வாங்கிப் போடும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 18,500 ராண்ட் போனது. அந்தப் பணத்தைவிட, லெசோத்தோ மலை உச்சியில் மனைவியையும் பிள்ளைகளையும் குளிரில் நிறுத்திவைத்த எரிச்சல்தான் இன்னும் ஆறவில்லை.

என்னுடையது 3.0 டி4டி டபுள் கேப் பக்கி. (தென்னாப்பிரிக்காவில் பிக்கப் என்று யாரும் சொல்வதில்லை, பக்கிதான். ஊரிலிருந்து வந்த புதிதில், "என் பக்கி சர்வீசுக்குப் போயிருக்கு" என்று ஆபீசில் யாராவது சொன்னால் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவேன்.) 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே பின் டிஃப் ஊளையிட ஆரம்பித்தது. இரண்டு பின் சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் டிஃப் லாக்கும் விழுந்தால் விழும், இல்லாவிட்டால் இல்லை. க்ளேர்வுட் முருகன் கோயில் காவடியன்று ஒருவர் அறிமுகமானார். ஜேக்கப்ஸ் பக்கம் பழைய பார்ட்ஸ் யார்டும் பட்டறையும் வைத்திருக்கிறார். இங்கேயே நாலைந்து தலைமுறையாக இருக்கும் குடும்பம். வணக்கம், தம்பி, சாப்பிட்டியா என்பதற்கு மேல் தமிழ் வராது. ஆனால் நெற்றி நிறைய விபூதியோடு அவர் "தம்பி" என்று சொன்னதும் நான் விழுந்துவிட்டேன். வேறு எங்கும் விலை விசாரிக்கவே இல்லை.

லாக்கோடு டிஃப், மாட்டும் கூலியும் சேர்த்து 18,500, ரொக்கம். பழைய டிஃபை எக்ஸ்சேஞ்ச் என்று அவரே வைத்துக்கொண்டார். பில்லில் "டிஃப் 1, யூஸ்டு, ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று மூன்றே சொல். ஃபூட்ஸ்டூட்ஸ் என்றால் இருக்கிறபடி வாங்கிக்கொள், பிறகு வந்து கேட்காதே என்று அர்த்தம். "ரேஷியோ சரிதானே அண்ணா?" என்று வாய்வார்த்தையாகக் கேட்டேன். "ஹைலக்ஸுக்கு ஹைலக்ஸ்தானே தம்பி" என்றார். அது பதிலே இல்லை என்று அப்போது உறைக்கவில்லை. டோங்காட் பக்கம் ஒரு கரும்புக்காட்டு மண் பாதைக்குக் கூட்டிப்போய் ஃபோர் பை ஃபோர் போட்டு ஓட்டியும் காட்டினார். நாலு சக்கரமும் சுற்றின. ஊளையும் இல்லை.

அங்கேதான் வினை. ஹைலக்ஸ் டிஃப் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஏற்றாற்போல் உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம் (கிரௌன் வீல்), சின்னப் பல்சக்கரம் (பினியன்) இரண்டின் பல் கணக்கு மாறும். சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர் பாக்ஸ் பக்கமிருந்து டிஃபுக்கு வரும் ப்ராப் ஷாஃப்ட் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் ரேஷியோ. 43க்கு 11 என்றால் 3.909, 41க்கு 10 என்றால் 4.1. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், பொருந்தவும் செய்யும். என் முன் டிஃப் 3.909, இவர் பின்னால் மாட்டியது 4.1. ஃபோர் பை ஃபோரில் முன் பின் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். அப்போது பின் சக்கரம் 100 மீட்டர் உருண்டால் முன் சக்கரம் 105 மீட்டர் உருளப் பார்க்கும். மண்ணிலும் மணலிலும் சக்கரம் வழுக்கி அந்த ஐந்து மீட்டரைக் கழித்துவிடும், அதனால் கரும்புக்காட்டில் ஒன்றும் தெரியாது. கல்லிலும் தாரிலும் அப்படி வழுக்க வழியில்லை, இழுபறி எல்லாம் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறி இறுகிவிடும். தினசரி டூ வீல் ஓட்டத்திலும் தெரியாது. என்ஜின் கொஞ்சம் கூடுதலாகக் கத்துகிறதோ என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஈஸ்டர் விடுமுறைக்கு, பக்கத்து நாடான லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் மலைப்பாதைக்குப் போனோம். தென்னாப்பிரிக்கப் பக்கமிருந்து ஃபோர் பை ஃபோர் இல்லாத வண்டியை மேலே விடமாட்டார்கள். 2,876 மீட்டர் உயரம், கடைசி வளைவுகளில் வெறும் கல். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங் கல்லாக இறுகியது, அடியில் டக் டக்கென்று சத்தம். ரோடு அப்படி என்று நினைத்துக்கொண்டேன். உச்சியில் லெசோத்தோ முத்திரை வாங்கி அந்தப் பக்கம் போனால் நல்ல தார் ரோடு. டூ வீலுக்கு மாற்றலாம் என்று லீவரை இழுத்தால் வரவில்லை. சரி, கொஞ்ச தூரம் போனால் தானாக விடும் என்று ஓட்டினேன். மூன்று கிலோமீட்டர் தாண்டவில்லை, எண்ணெய் கருகும் வாடை.

லேண்ட் க்ரூஸரில் வந்த ஒரு ஆஃப்ரிகானர் பெரியவர் நிறுத்தினார். நாம் மாமா என்பதுபோல் இங்கே அப்படிப்பட்டவர்களை ஊம் என்று கூப்பிடுவோம். முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கச் சொன்னார். தரையை விட்ட நொடியில் சக்கரம் தானாகவே வெடுக்கென்று திரும்பியது, லீவரும் வெளியே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "டிஃப் மாற்றினாயா?" இரண்டு பேருமாக எட்டு நட்டைக் கழற்றி முன் ப்ராப் ஷாஃப்டை எடுத்துப் பின்னால் போட்டோம். லோ ரேஞ்ச் என்கிற மெதுவான கியரில், பின் சக்கர இழுவையில் மட்டும், அவர் முன்னே போக நான் பின்னே இறங்கினேன். என் மனைவி கீழே வரும்வரை பேசவில்லை.

பின் டிஃபின் ரேஷியோவை பைன்டவுனில் வேறு பட்டறையில் எண்ணிப் பார்த்தார்கள். நீங்களும் பார்க்கலாம், காசு செலவில்லை. லாக்கைப் போடாமல், பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றதை 20 முழுச் சுற்று சுற்றுங்கள். ப்ராப் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினால், அது 41 சுற்றினால் 4.1, முப்பத்தொன்பதுக்குக் கொஞ்சம் மேலே நின்றால் 3.909. வாங்கும் முன்பே என்றால் இன்னும் சுலபம், டிஃப் வெளியே இருக்கும்போதே பல்லை எண்ணிவிடலாம். வண்டியின் கம்பெனித் தகட்டில் ஆக்ஸில் குறியீட்டு எண்ணும் இருக்கும், ரேஷியோவை அதை வைத்தும் தெரிந்துகொள்ளலாம். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நான் காசு கொடுத்த மாட்டையே பார்க்காமல் ஓட்டி வந்தவன்.

அண்ணாவிடம் போய் நின்றால், "தாரில் ஃபோர் பை ஃபோர் போட்டது உன் தப்பு தம்பி" என்றார். ரேஷியோ ஒத்திருந்தாலும் தாரில் அதைப் போடக் கூடாதுதான், அதனால் அதில் பாதி உண்மை, அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. முன் டிஃப் பேரிங், யூனிவர்சல் ஜாயிண்ட், டிரான்ஸ்ஃபர் பாக்ஸைத் திறந்து பார்த்த கூலி என்று மேலும் 11,000 ராண்ட் ஆகியிருந்தது. பில்லைக் காட்டி, "ஃபூட்ஸ்டூட்ஸ் என்று எழுதித்தானே கொடுத்தேன்" என்றார்.

அந்தச் சொல்லைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை வைத்து விற்பவர் கொடுத்த பொருள் சரியில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றா, பணமா என்று கேட்கும் உரிமை நமக்கு. பழைய பொருள் என்பதற்காக அது போய்விடாது. இன்ன குறை இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லி, நாமும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால்தான் சிக்கல். கழற்றிய பழைய பாகத்தை நாம் வேண்டாம் என்று சொன்னாலொழிய நம்மிடம் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. என் பழைய டிஃபுக்குப் பேரிங் மட்டும் மாற்றியிருந்தால் போதும், அது எப்போதோ வேறு யாருக்கோ விற்றாகிவிட்டது.

பதினான்கு நாள் கெடு வைத்து எழுத்தில் கேட்டேன், அடுத்து ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட் என்றும் எழுதினேன். அங்கே 20,000 ராண்ட் வரைதான், வக்கீல் கிடையாது. பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டு 9,000 கொடுத்தார், டிஃபை நீயே வைத்துக்கொள் என்றார். அலைய நேரமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொறுத்திருந்தால் முழுசும் வந்திருக்கும் என்று பைன்டவுன்காரர் சொல்கிறார்.

இப்போது சரியான ரேஷியோவில் வேறு டிஃப் போட்டு வண்டி ஓடுகிறது. அந்த 4.1 என் கராஜில் கிடக்கிறது, லாக் நன்றாகவே விழுகிறது. முன் டிஃபும் 4.1 இருக்கிற ஹைலக்ஸ்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பல்லை எண்ணிப் பார்த்தே வாங்கிக்கொள்ளலாம்.