டிஃபரன்ஷியலுக்கு பெவல் கியர் வெட்டக் கொடுக்கும் மாணவர் அணிகளுக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் போட்டி ரோபோவுக்காக வரைந்து கொடுத்த டிஃபரன்ஷியலின் (வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு) நான்கு பெவல் கியர்களும் (கூம்பு வடிவப் பற்சக்கரங்கள்) ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை, பல் உதிர்ந்துவிட்டன. கோவையில் ஒரு பட்டறை வெட்டித் தந்தவை அவை. ஆர்டரில் எழுதியது ஒன்று, கைக்கு வந்தது வேறு. முழுப் பணத்தையும் முன்பே கட்டியிருந்ததால், கேட்கப் போனபோது "நீங்க ஓட்டின விதம் சரியில்ல தம்பி, லோடு அதிகம்" என்று அனுப்பிவிட்டார்கள். போட்டிக்கு நாள் குறைவாக இருக்கும்போது இன்னோர் அணி இதில் மாட்டக் கூடாது. உடைந்த கியர்களைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறோம்.

கேட்டது இது: 1.5 மாடூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்), 20 பல், 20 பாகை அழுத்தக் கோணம், பல் அகலம் 7 மி.மீ., துளை 10 மி.மீ., 3 மி.மீ. கீவே (அச்சோடு பூட்டும் சாவிக்கான பள்ளம்). இரண்டு சைடு கியரும் (சக்கர அச்சுகளில் இருப்பவை) இரண்டு பினியனும் (அவற்றுக்கு இடையில் இருப்பவை) ஒரே அளவு, அதனால் கூம்புக் கோணம் எல்லாவற்றுக்கும் 45 பாகை. உலோகம் 20 எம்என்சிஆர் 5, கேஸ் ஹார்டனிங் (மேல்தோலை மட்டும் கடினமாக்குவது) ஆழம் 0.3 முதல் 0.4 மி.மீ.

"லோடு அதிகம்" என்று அவர்கள் சொன்னது கணக்குக்கு நிற்கவில்லை. ரோபோ 25 கிலோ. அதில் 15 கிலோ ஓட்டும் அச்சில் இருக்கிறது. 100 மி.மீ. விட்டமுள்ள சக்கரம், உராய்வுக் கெழு 1 என்று வைத்தாலும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 7.4 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாது, அதற்கு முன் சக்கரம் வழுக்கிவிடும். ஒரு சைடு கியருக்கு 3.7. அதை இரண்டு பினியன்கள் பகிர்வதால் பல் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் சுமார் 150 நியூட்டன்தான் விசை. பல்லின் வலிமையைக் கணக்கிடும் லூயிஸ் சூத்திரப்படி பல்லின் அடியில் ஏறக்குறைய 50 மெகாபாஸ்கல் வருகிறது. அதிர்ச்சிக்காக மூன்றால் பெருக்கினால் 150. முழு அகலத்திலும் பல் தொட்டிருந்தால், ஹார்டனிங் செய்யாத ஈஎன்-8 என்ற சாதாரண எஃகுகூட உடையாமல் தாங்கியிருக்கும்.

அப்படியானால் ஏன் உடைந்தது? உடைந்த துண்டில் பல்லின் உள் நுனியில் 1.5 மி.மீ. மட்டும் தேய்ந்து பளபளத்தது. மீதி 5.5 மி.மீ.யில் கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. மொத்தச் சுமையும் அந்தச் சின்ன விளிம்பில் விழுந்திருக்கிறது.

ஆர்டரில் "ஜெனரேட்டர் கட்டிங்" (கட்டரும் கியரும் சேர்ந்து நகர்ந்து பல்லின் வளைவை உருவாக்கும் முறை) என்று எழுதியிருந்தோம். பட்டறையோ மில்லிங் மெஷினில் டிவைடிங் ஹெட் (கியரைப் பல் பல்லாகத் திருப்பும் கருவி) வைத்து, பல்லிடைவெளியின் வடிவிலேயே இருக்கும் ஃபார்ம் கட்டரால் வெட்டியிருக்கிறது. பெவல் கியரின் பல் கூம்பின் உச்சியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். அதன் வளைவும் கூடவே மாற வேண்டும். ஃபார்ம் கட்டருக்கு இருப்பது ஒரே வளைவு. வெளி முனையில் அது பொருந்தினால், உள் முனையில் பல்லின் மேல் பாதி தடித்து நிற்கும். பழைய மாஸ்டர்கள் அந்த இடத்தை அரத்தால் ராவிச் சரிசெய்துதான் கொடுப்பார்கள். இங்கே அந்த வேலையையும் செய்யவில்லை. ஜெனரேட்டர் விலை வாங்கிக்கொண்டு, மில்லிங் வேலையை, அதுவும் பாதியில் விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதுதான் எங்களுக்கு ஆறவே இல்லை.

இதைப் பட்டறையிலேயே பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். ஒரு கியரின் பற்களில் மார்க்கிங் ப்ளூவை (நீல மைப்பசை) மெல்லியதாகத் தடவி, இணை கியரோடு சரியான தூரத்தில் வைத்து, கையால் லேசாகப் பிடித்தபடி சுற்றுங்கள். நீலத் தடம் பல்லின் நடுவில், உள் முனைப் பக்கம் கொஞ்சம் தள்ளி, அகலத்தில் பாதியாவது இருக்க வேண்டும். ஓரத்தில் கோடுபோல் விழுந்தால் வாங்காதீர்கள்.

அடுத்த ஏமாற்று ஹார்டனிங். கறுப்பு நிறத்தைப் பார்த்து நம்பிவிட்டோம். அது வெறும் பிளாக்கனிங். கியரின் பின்பக்க பாஸில் (புடைத்த மையப் பகுதி) புது அரத்தை இழுத்தபோது வெண்ணெய் போலக் கடித்தது. கேஸ் ஹார்டனிங் ஆகியிருந்தால் அரம் வழுக்கும். 58 எச்ஆர்சி (ராக்வெல் சி கடினத்தன்மை) என்று ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். ராக்வெல் சி சோதனையில் 150 கிலோ சுமை இறங்குகிறது. 0.3 மி.மீ. கேஸ் அதற்குப் போதாது, அடியில் இருக்கும் மென்பகுதியும் சேர்ந்து அமுங்குவதால் எண் குறைந்தே வரும். ஆகவே இவ்வளவு மெல்லிய கேஸுக்கு அந்த எண் வந்த தாளே சந்தேகத்துக்குரியது. விக்கர்ஸில் கேளுங்கள், 650 முதல் 700 வரை. கியர்களோடு ஒரே உலையில் போட்ட துண்டு ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.

கியர்களைத் தாங்கும் கூடான கேரியரிலும் கோளாறு. இரு பக்கத் துளைகளைத் தனித்தனி செட்டிங்கில் போட்டதால் மையம் 0.3 மி.மீ. விலகியிருந்தது. மையம் விலகினால் ஒரு பினியன் மட்டும் சுமக்கும், மற்றது சும்மா சுற்றும். இரு பாதிகளையும் இடம் மாறாமல் பிடிக்கும் டவல் பின் போட்டு போல்ட்டில் இறுக்கி, ஒரே செட்டிங்கில் போர் செய்யச் சொல்லுங்கள். கிரைண்ட் செய்த 10 மி.மீ. கம்பி இரு புஷ்ஷிலும் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும்.

கியரின் முதுகைத் தாங்கும் 1 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் த்ரஸ்ட் வாஷர் நான்கு பில்லில் இருந்தன, பெட்டியில் இல்லை. பெவல் கியர் சுற்றும்போது தன்னையே பின்னால் தள்ளும். 45 பாகையில் அந்தத் தள்ளுவிசை பல்லில் விழும் விசையில் கால்பங்குக்குச் சற்று மேல். வாஷர் இல்லாவிட்டால் கியரின் முதுகு அலுமினியத்தைத் தின்று, பல் இடைவெளி கூடிக்கொண்டே போகும். வாஷரோடு 0.1 மி.மீ. ஷிம்களும் (மெல்லிய தகடுகள்) வைத்து, இடைவெளியை 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். கீவே இடத்தில் கிரப் ஸ்க்ரூ (அச்சை அழுத்திப் பிடிக்கும் தலையில்லாத் திருகு) போட்டுத் தந்தால் திருப்பிக் கொடுங்கள். முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் ரோபோவில் அது நிற்காது.

முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மீதியை நீலத் தடம், அரம், கம்பி மூன்றையும் பார்த்த பிறகு கொடுங்கள். பெவல் ஜெனரேட்டர் மெஷினை நேரில் காட்டச் சொல்லுங்கள். வெளியில் கொடுத்து வெட்டுவதாகச் சொன்னால் அந்தச் சலானைக் கேளுங்கள். நாள் இல்லையென்றால் 1/8 அளவு ஆர்சி (ரிமோட்) காரின் டிஃபரன்ஷியலை வாங்கி, உங்கள் எடைக்குத் தாங்குமா என்று மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட கியர் கையில் இருந்து, பல் இன்னும் உடையாமல் இருந்தால் ஒரு வழி உண்டு. கியர் மென்மையாக இருப்பது இங்கே உதவும். உள் முனையில் பளபளக்கும் இடத்தை மட்டும் நைஸ் அரத்தால் ராவி, ஒவ்வொரு முறையும் ப்ளூ தடவிப் பாருங்கள். தடம் நடுவுக்கு வந்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, அது என்ன உலோகம் என்று உறுதிசெய்துகொண்டு, அதன்பின் ஹார்டனிங்குக்கு அனுப்புங்கள்.