சீப்பான வைன் கிட்: தண்ணிய கொறைக்கறதா, ஈஸ்ட்ட மாத்தறதா, திராட்சைய கொட்டறதா?

ஏற்காட்டுல மழை புடிச்சுதுன்னா தோட்டத்துல ஒரு வேலையும் ஓடாது, கரண்டும் வந்து வந்து போகும், அப்டி ஒரு நாள் அஸ்தம்பட்டில இருக்க ஃப்ரெண்டு ஒருத்தன் போன் பண்ணான். அவன் தம்பி கனடால வேலைல சேந்துருக்கான், கடைல இருக்கறதுலயே கம்மி வெல வைன் கிட் ஒண்ணு வாங்கி வெச்சுட்டு முழிக்கறானாம், நீ தான் அங்க நாலு வருஷமா இதே வேலையா இருந்தியே, அதை எப்டி தேத்தறதுன்னு சொல்லுடான்னான். போன்ல சொல்லி மாளல, அதான் எழுதிடறேன்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேங்க. நான் பண்ணதெல்லாம் ஒண்டாரியோல, அக்கா வீட்டு பேஸ்மென்ட்ல. அங்க வீட்டுக்குன்னு வைன் போட்டுக்கலாம், விக்க தான் கூடாது. நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம போட்டா 1937 மதுவிலக்கு சட்டப்படி கேஸு தான். அதுலயும் ராஜாஜி மெட்ராஸ் மாகாணத்துல மதுவிலக்க மொதல்ல ஆரம்பிச்சதே நம்ம சேலம் ஜில்லாவுல தான், 1937 அக்டோபர் 1ல இருந்து. அதனால ஏற்காட்டு குளிரு இதுக்கு எவ்ளோ தோதா இருந்தாலும் இங்க நான் காப்பியோட நிறுத்திக்கறேன்.

கிட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு பொட்டி, உள்ள ஒரு பையில திராட்சை ஜூஸ் கான்சன்ட்ரேட், சக்கரைய ஆல்கஹாலா மாத்தற ஈஸ்ட் ஒரு பாக்கெட், பெண்டோனைட்னு ஒரு களிமண் பொடி, கெடாம இருக்க சல்ஃபைட்டு, மறுபடி நொதிக்காம இருக்க சார்பேட்டு, தெளிய வைக்க ஒரு மருந்து. தண்ணி ஊத்தி 23 லிட்டர் ஆக்கணும், 4 வாரத்துல 30 பாட்டில் ரெடின்னு பொட்டி மேல போட்டுருப்பான். வெல ஏற ஏற கான்சன்ட்ரேட் கொறைஞ்சு நெஜ ஜூஸ் கூடும், காஸ்ட்லி கிட்ல 16, 18 லிட்டர் கூட இருக்கும். சீப் கிட்ல பை சின்னது, காய்ச்சி கெட்டியாக்குனதுல வாசமும் பாதி ஆவியோட போயிருக்கும், அதுல இவ்ளோ தண்ணி ஊத்துனா என்ன வரும், ஒறம்பரை பத்து பேரு திடீர்னு வந்துட்டாங்கன்னு ஒரே டிகாக்‌ஷன்ல தண்ணிய கலந்து சமாளிப்போமே, அந்த காப்பி மாதிரி தான் வரும்.

அக்கா வீட்டு மாமா ஒரே வார்த்தைல முடிச்சுருவாரு, "ஏன்டா மாப்ள, கம்மி வெலைக்கு வாங்கிட்டு அதுக்கு மேல செலவு பண்றதுக்கு மொதல்லயே நல்லதா வாங்கிரலாம்ல". நான் விடல. ரெண்டு குளிர் காலத்துல ஒரே பிராண்டு சீப் கிட்ட, ரெட்டும் வைட்டுமா அஞ்சு தடவ வாங்கி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்த மட்டும் மாத்தி பாத்தேன், மாமா அவரோட காஸ்ட்லி கிட்ட ஒரு பக்கம் போட்டாரு.

தண்ணிய கொறைச்சது தான் மொத அடி. 23 லிட்டருக்கு பதிலா 19லயே நிறுத்திட்டேன், அங்க 5 கேலன் கார்பாய்னு விக்கற பெரிய கழுத்து குறுகுன பாட்டில் சரியா அந்த அளவு தான். 23க்கு ஹைட்ரோமீட்டர்ல (சக்கரை எவ்ளோன்னு மெதக்க விட்டு பாக்கற கருவி) 1.080 காட்டுற கிட் 19ல 1.097 கிட்ட காட்டும், ஆல்கஹால் 11 சொச்சம் பர்சன்ட்ல இருந்து 13 சொச்சத்துக்கு ஏறும், ஆனா அது பெருசில்லைங்க, வாயில வெச்சா ஒரு கனம் தெரியுது பாருங்க, அது தான் விஷயம். நஷ்டம் என்னன்னா 30 பாட்டில் 25 ஆயிடும். இன்னொன்னு, சக்கரை மட்டும் இல்ல புளிப்பும் அதே அளவுக்கு ஏறும், ரெட்ல அது தாங்கும், வைட்ல பல்லு கூசும், அதனால வைட்டுக்கு 21க்கு கீழ போகாதீங்க. சில கிட்ல பாட்டில் போடறதுக்கு முன்னாடி கார்பாய்ல கொறைஞ்ச எடத்த தண்ணி ஊத்தி நெரப்புன்னு போட்டுருப்பான், அதை படிச்சா எனக்கு கோவம் தான் வரும், அதுக்கு பதிலா கடைல ஒரு சுமாரான வைன் பாட்டில் வாங்கி ஊத்தி நெரப்புங்க.

அடுத்தது செலவே இல்லாதது, ஆனா யாரும் பண்ண மாட்டாங்க, காத்திருக்கறது. 4 வாரத்துல பாட்டில் போட்டா அதுல கேஸ் இன்னும் இருக்கும், நாக்குல சுருக்குனு குத்தும், நாம அதை புளிப்புன்னு நெனச்சுக்குவோம். நல்லா கலக்கி கேஸ வெளிய தள்ளிட்டு, பாட்டில் போடாம கார்பாய்லயே ஆறு மாசம் வெச்சேன். அவ்ளோ நாள் வெக்கறதா இருந்தா கிட்ல குடுத்த சல்ஃபைட்டு பத்தாது, 23 லிட்டருக்கு இன்னொரு கால் டீஸ்பூன் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் சேக்கணும், ஏர்லாக்ல (கேஸ வெளிய விட்டு காத்த உள்ள விடாத தண்ணி மூடி) தண்ணி வத்தாம பாத்துக்கணும் (ஒரு தடவ நான் ஊருக்கு வந்துட்டேன், அக்காவும் மறந்துட்டா, வத்திப்போயி பாதி வினிகர் வாடை, அந்த கணக்க இதுல சேக்கல). ஆறு மாசம் கழிச்சு அதே கிட்டு வேற ஆளு மாதிரி இருந்துச்சு, அந்த கிட் வாடைன்னு சொல்லுவாங்களே, ஒரு மாதிரி வேக வெச்ச ஜாம் வாசம், அது பெரும்பாலும் அடங்கிருச்சு.

இந்த ரெண்டையும் தனித்தனியா வெச்சு பாத்தா எது மேலன்னு கேட்டா, ரெட்டுக்கு காத்திருக்கறது, அவசரக்காரனுக்கு தண்ணிய கொறைக்கறது. ரெண்டும் சேந்தா மத்ததுக்கெல்லாம் காசு போட வேண்டியதில்ல.

ஈஸ்ட் மாத்தறது பத்தி பேசறவங்க நெறைய. கிட்ல அனேகமா ஈசி 1118 தான் வரும், அது ஷாம்பெய்ன் ஈஸ்ட், எந்த பொதிய ஏத்துனாலும் சொமக்கற கழுதை மாதிரி, 10 டிகிரில இருந்து 30 டிகிரி வரைக்கும் வேலை செய்யும், 18 பர்சன்ட் ஆல்கஹால் வரைக்கும் சாகாது, ஆனா தனக்குன்னு ஒரு வாசமும் குடுக்காது. ரெட்டுக்கு ஆர்சி 212ன்னு வேற ஈஸ்ட் போட்டேன், கொஞ்சம் மேல தான், ஆனா கண்ண மூடிட்டு குடிச்சா மாமாவுக்கு வித்தியாசம் தெரியல. வைட்டுக்கு கதையே வேற. டி 47 போட்டு பேஸ்மென்ட்ல 17 டிகிரில மெதுவா நொதிக்க விட்டேன், அந்த குளிரு நம்ம டிசம்பர் ஏற்காடு மாதிரி தான் இருக்கும், பழ வாசம் அப்டியே நின்னுச்சு. 20 டிகிரிய தாண்டுனா அதே ஈஸ்ட்டு மருந்து வாடை அடிக்க ஆரம்பிச்சுரும். புளிப்பு ஜாஸ்தியா இருந்தா 71பி, அந்த ஈஸ்ட்டு மாலிக் ஆசிட்னு பழத்துல இருக்கற புளிப்புல கொஞ்சத்த தின்னுரும். ஒரு பாக்கெட் 5 கிராம், சில்லறை காசு.

காஞ்ச திராட்சை போட்டது தான் எனக்கு ஆசையா பண்ணது, வந்தது ஏமாத்தம். முக்கா கிலோ நறுக்கி மஸ்லின் துணில கட்டி போட்டேன். அங்க விக்கற திராட்சைல ஒட்டாம இருக்க எண்ணெய் தடவிருப்பான், வெந்நீர்ல அலசாம போட்டுட்டேன், மேல ரசத்துல மெதக்கற மாதிரி எண்ணெய் வட்டம். அது போக கனம் வந்துச்சு தான், ஆனா லேசா ஷெர்ரி (அது வேற வகை வைன்) வாசமும் சேந்து வந்துருச்சு, எனக்கு புடிக்கல, அக்காவுக்கு புடிச்சுது. சக்கரையும் கூடும், அதை கணக்குல வெச்சுக்கணும். இதுக்கு வாழப்பழம் எவ்வளவோ தேவல, நல்லா பழுத்தத நறுக்கி 20 நிமிஷம் கொதிக்க வெச்சு, வடிகட்டுன தண்ணிய மட்டும் கலக்கறது, வீட்ல வைன் போடறவங்க ரொம்ப காலமா பண்றது, வாழப்பழ வாசம் வைன்ல நிக்காது, கனம் நிக்கும். கொதிக்கறப்ப வீடு பூரா என்னமோ பஞ்சாமிர்தம் கிண்டுற மாதிரி இருக்கும், அது வேற.

வாசத்துக்குன்னு வைன்ல ஊற போடற ஓக் மரத்துண்ட பத்தி சுருக்கமா முடிச்சுக்கறேன், அது மேக்கப். நல்ல மூஞ்சிக்கு எடுப்பா இருக்கும், தண்ணியான வைன்ல போட்டா மரப்பட்டை கசாயம். தூள் மாதிரி சிப்ஸ விட கட்டி கட்டியா வர்ற க்யூப் நல்லது, ரெண்டு மூணு மாசம் மெதுவா எறங்கும். என் தோட்டத்துலயே இவ்ளோ சில்வர் ஓக் நிக்குதே, அதுல ஒரு துண்டு போட்டா ஆகாதான்னு ஒருத்தர் கேட்டாரு. ஆகாதுங்க, அது பேர்ல மட்டும் தான் ஓக், ஆஸ்திரேலியால இருந்து காப்பிக்கு நெழலுக்கு வந்த வேற மரம்.

எல்லாத்தையும் அக்கா எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி, டம்ளர் அடில நம்பர் ஒட்டி குடுத்தா. வைட்ல மாமாவோட காஸ்ட்லி கிட்டுக்கும் என் டி 47க்கும் ஒருத்தராலயும் பிரிச்சு சொல்ல முடியல. ரெட்ல நாலாவது மாசம் என் 19 லிட்டர் தான் ஜெயிச்சுது, ஏன்னா காஸ்ட்லி கிட்டு அப்ப இன்னும் மூஞ்சிய தூக்கி வெச்சுட்டு தான் இருந்துச்சு, தொவர்ப்பு அடங்கல. வருஷம் திரும்பி மறுபடி தொறந்தோம், மாமாவோடது எங்கயோ ஒசரத்துக்கு போயிருச்சு, என்னோடது நின்ன எடத்துலயே நின்னுச்சு. ஒத்துக்கிட்டேன்.

அதனால அந்த தம்பிக்கு: வாங்கி வெச்சது வைட்டா இருந்தா 21 லிட்டர், டி 47, வீட்ல குளிரான மூலை, மூணு மாசம். ரெட்டா இருந்தா 19 லிட்டர், இருக்கற ஈஸ்ட்டே போதும், ரெண்டு வாழப்பழம் இஷ்டம் இருந்தா, ஆறு மாசம் கார்பாய தொடாத. குழாய் தண்ணில க்ளோரின் இருக்கும், ஃபில்டர் தண்ணி ஊத்து. சக்கரை சுத்தமா தீந்து மறுபடி இனிப்பு எதுவும் சேக்கலன்னா சார்பேட்ட போடாமலே விட்டுரலாம், கிட்டோட சின்ன ஜூஸ் பாக்கெட் தனியா இனிப்புக்கு வந்துருந்தா மட்டும் கண்டிப்பா போடணும், இல்ல பாட்டில் மூடி ராத்திரில பட்டாசு மாதிரி கெளம்பும். அடுத்த ரெட் வாங்கறப்ப மாமா சொன்னத கேளுடா தம்பி.