பழைய தட்டோட்டு மாடியைப் பெயர்க்காமல் புதுப்பித்தால் எத்தனை வருடம் தாங்கும்?

மதுரையில் எல்லீஸ் நகர், அண்ணா நகர் பக்கம் 80-களில் கட்டிய வீடுகளின் மொட்டை மாடி பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கான்கிரீட் தளம், அதன்மேல் செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் காரை, அதற்கும் மேல் தட்டோடு எனும் சுட்ட மண் தட்டை ஓடு. ஒழுக ஆரம்பித்ததும், "மொத்தத்தையும் பேத்துட்டுப் புதுசா போட்ருவோம் சார்" என்பார் கொத்தனார். பல வீடுகளுக்கு அது வீண் செலவு.

முதலில் கீழே போய் கூரையை அண்ணாந்து பாருங்கள். கம்பி துருவேறிக் காரை பெயர்ந்து விழுந்திருந்தால் மேல்பூச்சுப் பேச்சே வேண்டாம். தளத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. அப்படி இல்லையென்றால் சுத்தியலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு ஓடாகத் தட்டுங்கள். கெட்டியாக ஒலித்தால் பிடிப்பு இருக்கிறது. உள்ளே காலியாக ஒலிப்பதை மட்டும் சாக்பீஸால் குறித்துப் பெயர்த்தால் போதும். கால்வாசிக்கு மேல் குறி விழுந்தாலோ, மழைக்கு மறுநாளும் நடுமாடியில் தண்ணீர் தேங்கினாலோ பெயர்ப்பதே மேல். தண்ணீர் ஓட வாட்டம் இல்லாத மாடியை எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

பழைய ஓட்டின் மேலேயே இரண்டு அங்குலம் கலவை போட்டுப் புது ஓடு ஒட்டச் சொல்பவர்களும் உண்டு. கலவை மட்டுமே சதுர அடிக்குச் சுமார் 10 கிலோ கூடும். 1000 சதுர அடிக்கு 10 டன்! பழைய தளத்தின் தலையில் அதை ஏற்றக் கூடாது.

கசிவு பெரும்பாலும் ஓட்டின் வழியாக வருவதில்லை, ஓட்டுக்கு ஓடு உள்ள இணைப்பில்தான் இறங்குகிறது. 9 அங்குல ஓடு என்றால் 1000 சதுர அடியில் அந்த இணைப்பின் நீளம் மட்டும் 2,600 அடிக்கு மேல் வரும். ஆகவே கூலியின் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். பழைய பாயிண்டிங்கை, அதாவது இணைப்பில் நிரப்பிய கலவையை, 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, கம்பி பிரஷ் போட்டு, பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். சிமெண்டும் சலித்த மணலும் சரிபாதி, எஸ்.பி.ஆர். லேட்டெக்ஸும் (கலவையில் சேர்க்கும் செயற்கை ரப்பர் பால்) தண்ணீரும் சமமாகக் கலந்த நீரில் குழைத்து, அழுத்தி நிரப்ப வேண்டும். 1000 சதுர அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு மூட்டை சிமெண்ட் பிடிக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கு வேண்டாம், பின்னால் வெள்ளையாகப் பூக்கும். மாற்று ஓடுகளை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப் போடாவிட்டால் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கழன்றுவிடும்.

கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையில் இரண்டு அங்குலத்துக்குச் சரிவாகக் கலவை பூசி, பைபர் வலை ஒட்டுங்கள். மழைத் தண்ணீர் குழாயின் வாயைச் சுற்றியும் அப்படியே. சுவரில் அரசங்கன்று இருந்தால் வெட்டிவிட்டால் போதாது. வேரோடு கொத்தி எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும்.

அடுத்து வெள்ளை அக்ரிலிக் கோட்டிங். அதற்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தால் காரைக்குள் ஈரம் இருக்கிறது; அதன்மேல் அடித்தால் கொப்புளம் போடும். பிரைமருக்குப் பின் இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. இரண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 15 முதல் 20 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். இதற்குமேல் இழுப்பவர் தண்ணீர் கலக்கிறார் என்று பொருள். உச்சி வெயிலில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உரியும், அதனால் காலையிலோ நாலு மணிக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனிதான் தோது. அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் கோடை மழை வந்து கெடுத்துவிடும்.

முதல் வருடம் எல்லா மாடியும் நன்றாகத்தான் இருக்கும். கீழே ராத்திரி அனல் குறைவதும் தெரியும். இரண்டாம் வருடம் வெள்ளை அழுக்கேறும், அந்தக் குளிர்ச்சியும் கொஞ்சம் போகும். தை மாதம் ஒருமுறை கழுவி விட்டால் திரும்பும். மூன்று, நான்கு வருடத்தில் தொட்டி நிரம்பி வழியும் இடம், துணி துவைக்கும் மூலை, குழாய் வாய் ஆகிய மூன்றும்தான் முதலில் உரியும், ஏனென்றால் அக்ரிலிக்குக்குத் தேங்கும் தண்ணீர் ஆகாது. அந்த இடத்தை மட்டும் சுரண்டிப் பூசலாம். ஐந்து வருடம் வாக்கில் முழுதாக ஒரு கோட். பாயிண்டிங் கெட்டியாக இருந்தால் அது அதற்கு அப்பாலும் நிற்கும். சோலார் தகடு வைக்கும் எண்ணம் இருந்தால் ஸ்டாண்டை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு பூசுங்கள். பூசிய மாடியில் துளை போட்டால் தண்ணீர் அந்தப் போல்ட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கும்.