அண்ணனின் ஓ.டி. லிமிட்டில் பேங்க் கை வைத்தது: குடியாத்தத்தில் மூன்று வாரம்

இந்த 2026 ஜனவரியில் மூன்று வார லீவில் ஊருக்குப் போய் வந்தேன். இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து கிளம்பும்போது மனசில் இருந்தது பொங்கலும், நைனாவுக்கு (அப்பாவுக்கு) கண் காட்டுவதும், ஆரணியில் சித்தப்பா பேத்தியின் நிச்சயதார்த்தமும்தான். போய் இறங்கிய நாலாம் நாள் அண்ணனின் பேங்க் கணக்கில் பிரச்சினை வந்தது. குடியாத்தத்துக்கும் வேலூருக்குமாகப் பஸ் ஏறி இறங்கியே பாதி லீவு போய்விட்டது. ஊரில் அப்பாவோ அண்ணனோ நடத்தும் சின்ன வியாபாரத்தை வெளிநாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் விலாவாரியாக எழுதுகிறேன்.

அண்ணனுக்கு லுங்கி வியாபாரம். நூல் வாங்கி, சாயம் போட்டு, பாவு ஓட்டி, தறிக்காரர்களுக்குக் கொடுத்து, வாரா வாரம் கூலி கொடுத்துச் சரக்கை வாங்கி, சென்னைக்கும் கேரளாவுக்கும் பார்சல் போடுவார். குடியாத்தத்தில் இந்தத் தொழில் தெரியாதவர்கள் கிடையாது. வருஷத்தில் ரம்ஜானுக்கு முந்தைய இரண்டு மாதம்தான் அவருக்கு உயிர்நாடி. இந்த வருஷம் நோன்பு பிப்ரவரி மூன்றாம் வாரம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் சரக்கு கடைகளில் இருக்க வேண்டும் என்றால் ஜனவரி நடுவிலேயே நூல் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

12ஆம் தேதி திங்கட்கிழமை, நூல்காரருக்கு 4 லட்சம் ஆர்.டி.ஜி.எஸ். போட உட்கார்ந்தார். போகவில்லை. மறுபடி போட்டார், போகவில்லை. போனை என்னிடம் நீட்டி, "இன்னாமா இது, ஒம்பது லட்சத்து எண்பதாயிரம் இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு லட்சத்து எண்பதாயிரம்னு காட்டுது, நீயே பாரு" என்றார். ஓ.டி. என்றால் ஓவர்டிராஃப்ட், லிமிட்டுக்குள் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் பேங்க் கடன். அவருடைய ஓ.டி. லிமிட் 15 லட்சம். எடுத்திருந்தது 5 லட்சத்து 20 ஆயிரம். கணக்கு எங்கே உதைக்கிறது என்று புரியாமல் நானும் முழித்தேன்.

அண்ணிதான் கண்டுபிடித்தார். போனில் எஸ்.எம்.எஸ். பெட்டியைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். லோன் வேண்டுமா, இன்சூரன்ஸ் வேண்டுமா, ரீசார்ஜ் முடிகிறது என்று வந்த நூறு செய்திகளுக்கு நடுவில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: உங்கள் கணக்கின் லிமிட் 8,00,000 ஆகத் திருத்தப்பட்டுள்ளது. வந்து 19 நாள் ஆகியிருந்தது. கடிதம் இல்லை, போன் இல்லை. வீட்டுப் பத்திரத்தையே அடமானமாக வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு 7 லட்சத்தை வெட்டிய சேதி இப்படித்தான் வந்து சேர்ந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கே அண்ணனும் நானும் கிளைக்குப் போனோம். போகி வேறு. வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாள் பேங்க் பூட்டு என்பதால் ஊர் மொத்தமும் உள்ளே நின்றது. டோக்கன் எண் 61. ஒரு மணி நேரம் கழித்து மேனேஜர் உட்காரச் சொன்னார். சின்ன வயசுப் பையன், போன வருஷம்தான் மாற்றலாகி வந்தவர். பொறுமையாகவே பேசினார். கடந்த 12 மாதத்தில் நீங்கள் அதிகபட்சம் எடுத்தது ஆறரை லட்சம், பயன்படுத்தாத லிமிட்டைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து பட்டியல் வந்தது, அதோடு நாலு மாதமாக உங்கள் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வரவில்லை என்றார்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "மாசம் பொறந்தா நானே எடுத்துனு வந்து குடுத்தேன் சார்." யாரிடம் கொடுத்தீர்கள்? இரண்டாவது கவுன்ட்டரில் இருந்தவரிடம். அவர் இப்போது வேறு கிளையில். நகலில் சீல் வாங்கினீர்களா? இல்லை. முப்பது வருஷம் நைனாவும் அந்தக் கவுன்ட்டரில் அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்தார். தெரிந்த இடம், தெரிந்த முகம், சீல் எதற்கு என்ற பழக்கம்.

ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எவ்வளவு முக்கியம் என்று எனக்கே அன்றுதான் உறைத்தது. கையிருப்புச் சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் கூட்டி, கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்துத்தான் மாதாமாதம் எவ்வளவு எடுக்கலாம் என்று பேங்க் கணக்குப் போடுகிறது. அதற்கு டி.பி. (டிராயிங் பவர்) என்று பெயர். கடனுக்கு ஒப்புதல் தந்த சாங்ஷன் லெட்டரில் 15 லட்சம் என்று இருந்தாலும் டி.பி. எவ்வளவோ அவ்வளவுதான் கைக்கு வரும். ஸ்டேட்மென்ட் போகாவிட்டால் பேங்குக்குக் குறைக்கக் காரணம் நாமே கொடுத்த மாதிரி.

மேனேஜர் இன்னொரு காரணமும் சொன்னார்: எடுக்காத லிமிட்டுக்கும் பேங்க் மூலதனம் ஒதுக்க வேண்டியிருக்கிறது, ரிசர்வ் வங்கி விதி என்று. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அப்படி ஒரு விதி 2019 ஏப்ரலில் வந்தது உண்மை. ஆனால் அது நடைமுறை மூலதனக் கடன் (அன்றாட வியாபாரம் ஓட்ட வாங்கும் கடன்) 150 கோடியும் அதற்கு மேலும் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு. லுங்கி வியாபாரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதை நம்பிக்கொண்டு எழுந்து போய்விடுவார், அதுதான் வருத்தம்.

சரி, அண்ணன் ஏன் லிமிட்டை முழுசாக எடுக்காமல் வைத்திருந்தார்? பழைய நூல்காரர் 30 நாள் கடன் கொடுப்பார், அதனால் ஓ.டி.யில் அதிகம் எடுக்கத் தேவை வரவில்லை. அவர் வயசாகிக் கடையை மூடிவிட்டார். புதியவர் ரொக்கம் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லாவிட்டால் 30 நாள் கடன், தள்ளுபடி கிடையாது என்கிறார். 4 லட்சத்துக்கு 2 சதவீதம் 8,000 ரூபாய். அதே 4 லட்சத்தை ஓ.டி.யில் 10 சதவீத வட்டிக்கு 30 நாள் எடுத்தால் வட்டி சுமார் 3,300 ரூபாய். ஒரு கொள்முதலுக்கு 4,700 ரூபாய் மிச்சம். வருஷத்தில் ஆறு கொள்முதல் என்றால் 28,000. எடுக்காமல் கிடந்த லிமிட் சும்மா கிடக்கவில்லை, இப்படி ஒரு நேரத்துக்காகத்தான் கிடந்தது. குடையை மழை இல்லாத நாளில் விரிக்கவில்லை என்று பிடுங்கிக்கொள்வதா? போகி அன்று கிளையிலிருந்து நடந்து வரும்போது அண்ணன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த வாரம் நூல் வந்தாக வேண்டும். கையில் இருந்த இரண்டரை லட்சத்தை அண்ணன் போட்டார். மீதி ஒன்றரை லட்சத்தை, வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் என் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து நான் போட்டேன். அண்ணி வளையலைக் கழற்றப் போனார், "வோணாம் அண்ணி, இது கைமாத்துதானே" என்று தடுத்தேன். ராத்திரி அண்ணன் நாள்குறிப்பை எடுத்து, என் பேர், தேதி, தொகை மூன்றையும் எழுதி, கீழே கோடு போட்டு, என்னிடம் காட்டிவிட்டுத்தான் மூடினார். நைனா எழுதிய அதே நோட்டு வரிசை, அதே சிவப்பு அட்டை.

பொங்கல் முடிந்து திங்கட்கிழமை வேலூருக்குப் போனோம். ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு தனியார் வங்கி, டேக்ஓவர் செய்கிறோம் (பழைய பேங்க் கடனை அடைத்து எங்களிடம் மாற்றிக்கொள்கிறோம்), 15 லட்சமே தருகிறோம், வட்டி ஒன்பதரை என்று போன வருஷத்திலிருந்தே அண்ணனுக்குப் போன் செய்துகொண்டிருந்தது. சேவை என்று பார்த்தால் குறையே இல்லை. ஏ.சி. அறை, தண்ணி பாட்டில், சார் மேடம். தேவையான பேப்பர் பட்டியலை அங்கேயே வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே எடுத்தோம், பட்டாவும் அப்படியே. நான் ஊரை விட்டுப் போன காலத்தில் இதற்குச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். இதை மனசாரப் பாராட்டுகிறேன்.

செலவுக் கணக்கைக் கேட்டபோதுதான் யோசனை வந்தது. பிராசசிங் சார்ஜ் முக்கால் சதவீதம், 11,250. அதற்கு ஜி.எஸ்.டி. 2,025. வக்கீல் ஒபினியன், வேல்யூவேஷன் 9,000. ஆக 22,275. பழைய அடமானத்தை ரத்துப் பதிவு செய்வது, புதிதாகப் பத்திர ஒப்படைப்பு ஆவணம் பதிவது, இரண்டுக்கும் செலவு தனி. வட்டியில் அரை சதவீதம் குறைகிறதே என்றால், சராசரி 5 லட்சத்துக்கு வருஷம் 2,500 ரூபாய்தான். செலவை எடுக்கவே ஒன்பது வருஷம் ஆகும். சின்ன வியாபாரிகளின் மிதக்கும் வட்டிக் கடன்கள் (வட்டி ஏறி இறங்கும் கடன்கள்) 2019 அக்டோபரிலிருந்து ரெப்போ (ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) மாதிரியான வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. 2025இல் ரெப்போ 6.5இலிருந்து 5.25க்கு இறங்கியது, அது அண்ணனுடைய பழைய பேங்கிலும்தான் இறங்கியது. அதனால் வட்டிக்காக மாறுவதில் அர்த்தமே இல்லை. லிமிட்டுக்காக மாறினால், நூல் தள்ளுபடியில் வருஷம் 28,000 மிச்சமாவதால், அந்த 22,275 ஒரே வருஷத்தில் திரும்பிவிடும். அண்ணனிடம் இதைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன்.

ஆனால் புதிய வங்கியின் மாதிரி சாங்ஷன் லெட்டரைக் கேட்டு வாங்கி முழுசாகப் படித்தேன். பதினோராவது பத்தியில் அதேதான் இருக்கிறது: லிமிட்டை எப்போது வேண்டுமானாலும் குறைக்கவும் ரத்து செய்யவும் வங்கிக்கு உரிமை உண்டு. இன்று சிரித்துப் பேசுகிறவரும் நாளை மாற்றலாகிப் போவார்.

எனக்கு இது இரண்டாவது அனுபவம். இரண்டு வருஷம் முன்னால் லெஸ்டரில் என் பேங்கும் என் ஓவர்டிராஃப்டை 1,500 பவுண்டிலிருந்து 250க்குக் குறைத்தது. காரணம் அதேதான், வெகு நாளாகத் தொடவில்லை. அங்கே 2020 ஏப்ரலில் விதி மாறி, தினக் கட்டணமெல்லாம் ஒழிந்து ஒரே வருட வட்டி என்று ஆனது, பெரும்பாலான பேங்குகள் 40 சதவீதம் பக்கத்தில் வைத்தன. அதனால் நான் தொடவே இல்லை. அதற்கு முன்னால் நைனாவுக்கு நெஞ்சு வலி என்று போன் வந்த ராத்திரி, சென்னைக்கு டிக்கெட் போட்டது அந்த ஓவர்டிராஃப்டில்தான். அங்கே ஏழு வேலை நாளில் கணக்கையே வேறு பேங்குக்கு மாற்றித் தரும் ஏற்பாடு 2013இலிருந்து இருக்கிறது. ஆனால் ஓவர்டிராஃப்ட் கூடவே வராது, புதிய பேங்க் பார்த்துத் தந்தால் உண்டு. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்ல வேண்டும். எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு, வேண்டாம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே வீட்டுக்குக் கடிதம் வந்தது. அண்ணனுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்க வேண்டும். இந்தியாவிலும் 2003 முதலே ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை நெறியில், நிபந்தனை மாறினால் கடன் வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. 19 நாள் கழித்து அண்ணி கண்ணில் பட்ட ஒரு வரியை நான் தெரிவித்ததாக ஏற்க மாட்டேன்.

கடைசியில் அண்ணன் எடுத்த முடிவு: உடனே மாற வேண்டாம், ஆனால் மாறுவதற்குத் தயாராக இருப்போம். அவருடைய ஓ.டி. ரினிவல் தேதி மார்ச் 14. அதற்கு முன்னால் வேறு பேங்க் டேக்ஓவர் செய்தால் பழைய ஒப்பந்தப்படி 2 சதவீதம் பிடிப்பார்கள். புதுப்பிக்கப் போவதில்லை என்று 30 நாள் முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டுத் தேதியில் முடித்தால் பிடிக்க முடியாது. இன்னொரு வழியும் உண்டு. 2026 ஜனவரி 1 முதல் வழங்கும் அல்லது புதுப்பிக்கும் கடன்களுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய உத்தரவு பொருந்தும். மிதக்கும் வட்டியில் தொழில்கடன் வாங்கிய தனிநபரிடமும் குறு, சிறு நிறுவனங்களிடமும் வணிக வங்கிகள் முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. மார்ச்சில் புதுப்பித்தாலும் அதற்குப் பிறகு அண்ணன் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

அதுவரை பழைய பேங்கிடமே கேட்கலாம் என்று ஒரு கடிதம் தயாரித்தோம். நாலு மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், உத்யம் (சிறுதொழில்) பதிவு நகல் எல்லாம் இணைத்தோம். கடிதத்தில் முக்கியமானது ஒரே வரி: வருட விற்றுமுதல் 92 லட்சம். குறு, சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் விற்றுமுதலில் 20 சதவீதமாவது நடைமுறை மூலதனமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு காலத்திலிருந்து உள்ள கணக்கு. அப்படிப் பார்த்தால் 18 லட்சத்து 40 ஆயிரம். 15 லட்சம் கேட்பது பேராசை இல்லை. பதில் வராவிட்டால் 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், கட்டணம் இல்லை. லிமிட் எவ்வளவு என்பது பேங்கின் வணிக முடிவு, அதில் அவர் தலையிட மாட்டார். ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை என்பதைத்தான் புகாராக எழுத வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி கிளைக்குப் போனோம். மேனேஜர் கடிதத்தை முழுசாகப் படித்தார். மண்டல அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன் என்றார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. மஞ்சப்பையிலிருந்து நகலை எடுத்து மேசையில் வைத்து, "இதுல ஒரு சீல் போட்டுக் குடுங்க சார்" என்றார். தேதியோடு சீல் விழுந்தது. ஊதா மை காய்கிற வரைக்கும் பேப்பரை ஊதிக்கொண்டே வெளியே வந்தார்.

இதை எழுதும்போது பிப்ரவரி முதல் வாரம். பதில் இன்னும் வரவில்லை. ரம்ஜான் பார்சல் போய்விட்டது, என் ஒன்றரை லட்சத்தில் ஐம்பதாயிரம் திரும்பி வந்துவிட்டது. புதுப்பிக்கப் போவதில்லை என்கிற கடிதத்தைத் தேதி மட்டும் விட்டுவிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, சிவப்பு அட்டை நோட்டுக்குள் வைத்திருக்கிறார். 12ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். 11ஆம் தேதி காலை நான் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.